டென்னிஸ் பந்தில் பழகியவர்: ஹாய்ட் வில்ஹெல்ம் கதை

பேஸ்பால் என்றாலே நம்ம ஆட்களுக்கு ஒரு இளக்காரம். "அட, நம்ம ஊரு கிட்டிப்புள்ளைத்தானே காசு போட்டு ஆடுறானுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். நானும் ரொம்ப காலம் அந்த கோஷ்டிதான். ஆனால் அந்த ஆட்டத்தின் பழைய கதைகளைப் படிக்க ஆரம்பித்தால், சாமி, கீழே வைக்க மனசு வராது. நூத்தம்பது வருஷக் கணக்கையும் பைசா சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தின் மூலையில் கிடந்த ஒருத்தர்தான் இன்றைய பதிவின் நாயகன். பேர் ஹாய்ட் வில்ஹெல்ம். பேஸ்பால் தெரியாதவங்களும் பயப்படாம வாங்க, கிரிக்கெட் தெரிந்தால் போதும். கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க :)

முதலில் ரெண்டு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கணும். பிட்சர் என்பவர் நம்ம பவுலர் மாதிரி. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தை ஆரம்பிக்கிறவர் ஸ்டார்ட்டிங் பிட்சர். அவர் களைத்துப் போனாலோ அடி வாங்கினாலோ வெளியே எடுத்துவிடுவார்கள். எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப அந்த ஆட்டத்தில் உள்ளே வர முடியாது. அவருக்குப் பதிலாக நடுவில் வருகிறவர்தான் ரிலீஃப் பிட்சர். இன்றைக்கு அந்த வேலைக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். ஆனால் 1950 வாக்கில் ரிலீஃப் பிட்சர் என்றால் கிட்டத்தட்ட ஸ்டெப்னி டயர். ஆரம்பிக்க லாயக்கில்லாதவன், வயசானவன், கை போனவன், இவங்களைத்தான் மைதான ஓரத்தில் புல்பென் என்ற இடத்தில் உட்கார வைத்திருப்பார்கள். 1950-ல் பிலடெல்ஃபியா அணியின் ஜிம் கான்ஸ்டான்ட்டி ரிலீஃபில் மட்டுமே 74 ஆட்டம் ஆடி, நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதே வாங்கினார். அதைக்கூட "ஏதோ ஒரு வருஷம் அதிர்ஷ்டம்" என்றுதான் பார்த்தார்கள்.

ரெண்டாவது விஷயம், ஈ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு. மூன்றுக்குக் கீழே இருந்தால் நல்ல பிட்சர். இரண்டுக்குக் கீழே போனால் கையெடுத்துக் கும்பிடலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதைப் பின்னாடி சொல்றேன், ஞாபகம் வெச்சுக்குங்க.

சரி, ஆளுக்கு வருவோம்.

வட கரோலினா மாநிலத்தில் ஹன்டர்ஸ்வில் என்ற சின்ன ஊர். அடுத்தவர் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்யும் குடும்பம். வீட்டில் பதினோரு பிள்ளைகள், அதில் ஒருவர் ஹாய்ட். பிறந்தது 1922 ஜூலை 26. ஆனால் அவர் ஆடிய காலம் முழுக்கப் புத்தகங்களில் 1923 என்றுதான் இருந்தது. ஒரு வருஷத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். நம்ம ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியே பிறந்த தேதியாகிவிடும் இல்லையா, அது வேற கேஸ். இவருக்கு வயசைக் குறைக்க வேண்டிய காரணம் நிறைய இருந்தது. போகப் போகப் புரியும்.

உயர்நிலைப் பள்ளியில் ஆடும்போதே ஹாய்ட்டுக்குத் தன் பிரச்சினை தெரிந்துவிட்டது. வேகமே கிடையாது. பேஸ்பால் பிட்சருக்கு வேகம் இல்லையென்றால் பாடகருக்குக் குரல் இல்லாத மாதிரி. அந்த சமயத்தில் வாஷிங்டன் அணியில் டட்ச் லெனார்ட் என்றொருவர் இருந்தார். அவரும் வேகம் இல்லாதவர்தான், ஆனால் 'நக்கிள் பால்' என்று ஒரு வித்தை கையில் வைத்திருந்தார். 1939-ல் அந்தப் பந்தை வைத்தே 20 ஆட்டங்கள் ஜெயித்தார். அவர் பந்தை எப்படிப் பிடிக்கிறார் என்று ஒரு செய்தித்தாளில் படத்தோடு வந்திருந்ததாம். பையன் அதைப் பார்த்து ஒரு டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு பழக ஆரம்பித்திருக்கிறான். பேப்பரில் வந்த ஒரே ஒரு படம், ஒரு டென்னிஸ் பந்து. பயிற்சியாளர், அகாடமி, ஒரு மண்ணும் கிடையாது. தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நம்ம யாருக்கும் இதைப் படித்தால் உள்ளுக்குள் என்னவோ பண்ணும்.

நக்கிள் பால் என்றால் என்ன? நக்கிள் என்றால் விரல் முட்டி. பேர்தான் அப்படி, நிஜத்தில் பெரும்பாலும் விரல் நுனியையும் நகத்தையும் பந்தில் ஊன்றித்தான் பிடிப்பார்கள். மற்ற எல்லாப் பந்துக்கும் சுழற்சி வேண்டும். சுழற்சிதான் பந்தை வளைக்கிறது, எழுப்புகிறது, இறக்குகிறது. நக்கிள் பாலில் சுழற்சியே இருக்கக் கூடாது. தள்ளி விடுகிற மாதிரி விட வேண்டும். பந்து சுற்றாமல் மிதந்து போகும்போது அதன் தையல் காற்றை ஒரு பக்கம் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் வேறு மாதிரியும் கிழிக்கிறது. வழியில் பந்து லேசாகத் திரும்பினால் தையல் இருக்கும் இடம் மாறும், உடனே பந்து போகும் திசையும் மாறும். இடது பக்கம் போவதுபோல் போய் வலது பக்கம் விழும். சில சமயம் ரெண்டு தடவை மனசு மாற்றிக்கொள்ளும். எங்கே போகும் என்று போட்டவருக்கே தெரியாது. மட்டையோடு நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

கிரிக்கெட்டிலும் இதைப் பார்த்திருப்பீங்க. 2011 உலகக் கோப்பையில் ஜாகீர் கான் போட்டார், அப்புறம் புவனேஷ்வர் குமார் போட்டார். அங்கே அது வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து மட்டும்தான். பேஸ்பாலில் பந்து தரையில் படாமல் முழுக்கக் காற்றிலேயே வருகிறது, அதனால் ஆட்டம் காட்டுவது அதிகம். (மொட்டை மாடியில் நானும் முயற்சி பண்ணினேன். பந்து சுற்றாமல் போனது உண்மைதான். போன இடம் பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி.)

ஹாய்ட் 1942-ல் மூர்ஸ்வில் என்ற ஊர் அணியில் சேர்ந்தார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் மேஜர் லீகுக்குக் கீழே படிப்படியாக நிறைய தளங்கள் உண்டு. இது அதில் ஆகக் கடைசிப் படி. ஒரு சீசன் ஆடி முடித்ததும் ராணுவம் கூப்பிட்டுவிட்டது.

1944 டிசம்பரில் ஜெர்மானியர்கள் பெல்ஜியத்தின் ஆர்டென்ஸ் காட்டுப் பகுதியில் கடைசியாக ஒரு பெரிய தாக்குதல் நடத்தினார்கள். உறைய வைக்கும் பனியில், அமெரிக்கர்களுக்கு இரண்டாம் உலகப் போரிலேயே அதிக உயிர்ச்சேதம் தந்த சண்டைகளில் ஒன்று. பல்ஜ் சண்டை என்பார்கள். ஹாய்ட் அங்கே இருந்தார். குண்டுச் சிதறல் பட்டுக் காயம். போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் கிடைத்தது. உடம்புக்குள் போன ஒரு சிதறலை எடுக்கவே இல்லை. முதுகில் அந்த இரும்புத் துண்டோடுதான் அதன்பிறகு இருபத்தேழு வருஷம் பந்து போட்டிருக்கிறார். ராணுவத்தில் ஸ்டாஃப் சார்ஜன்ட்டாக இருந்ததால் பின்னாளில் சக ஆட்டக்காரர்கள் வைத்த பட்டப்பேர் 'ஓல்டு சார்ஜ்'.

திரும்பி வந்தபோது வயசு 23. பழையபடி அதே மூர்ஸ்வில், அதே கடைசிப் படி. 1946-ல் 21 வெற்றி, 1947-ல் 20 வெற்றி. நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. எடுத்ததோடு சரி, மேலே கூப்பிடவில்லை. நக்கிள் பால் போடுகிறவன் என்றால் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு ஒரு சந்தேகம், ஏதோ கண்கட்டு வித்தைக்காரனைப் பார்க்கிற மாதிரி. ஜாக்சன்வில், அப்புறம் மினியாபொலிஸ் என்று பேருந்தில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

1951-ல் மினியாபொலிஸ் அணியில் அவரோடு ஒரு பையன் ஆடினான். 35 ஆட்டம் ஆடி .477 சராசரியில் வெளுத்துக் கட்டினான். மே மாதமே ஜயன்ட்ஸ் அவனை நியூயார்க்குக்குக் கூப்பிட்டுக்கொண்டது. அப்போதுதான் இருபது வயசு முடிந்திருந்தது. அவன்தான் வில்லி மேஸ், பேஸ்பால் வரலாற்றின் மகா ஆட்டக்காரர்களில் ஒருவர். அந்தப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதை 28 வயசு முடிந்தவர், முதுகில் இரும்போடு, பார்த்துக்கொண்டிருந்திருப்பார். எல்லாருக்கும் ஒரே ஊர்தான் போய்ச் சேர வேண்டியது, சில பேருக்கு எக்ஸ்பிரஸ், சில பேருக்குப் பாசஞ்சர்.

ஒருவழியாக 1952 ஏப்ரலில் ஜயன்ட்ஸ் கூப்பிட்டது. முப்பது வயசுக்கு மூன்று மாசம் பாக்கி. பல பிட்சர்களுக்குக் கை தளர ஆரம்பிக்கிற வயசு அது. மேனேஜர் லியோ டுரோஷர் அவரை ஆட்டம் ஆரம்பிக்க விடவில்லை, ரிலீஃபுக்கு என்று ஒதுக்கிவிட்டார். ஸ்டெப்னி வேலை.

அந்த ஸ்டெப்னி செய்த காரியத்தைப் பாருங்க. 71 ஆட்டங்கள், லீகிலேயே அதிகம். 15 வெற்றி, 3 தோல்வி. ஈ.ஆர்.ஏ. 2.43, அதற்கான பட்டமும் அவருக்கே. ஒரு ஆட்டம்கூட ஆரம்பிக்காமல் நடுவில் வந்து வந்தே 159 இன்னிங்ஸ் போட்டிருந்தார். பட்டத்துக்குக் குறைந்தது இத்தனை இன்னிங்ஸ் என்று ஒரு விதி உண்டு, அதைத் தாண்டிவிட்டார். புரூக்ளின் அணியில் ஜோ பிளாக் என்ற இன்னொரு ரிலீஃப் பிட்சருக்கு அந்த வருஷம் இதைவிடக் குறைந்த சராசரி, 2.15. ஆனால் அவருக்குச் சில இன்னிங்ஸ் போதவில்லை. பதிலுக்கு, சிறந்த புதுமுகம் விருதை பிளாக் தட்டிக்கொண்டு போனார், ஹாய்ட் இரண்டாவது. கணக்கு நேராச்சு. ரெண்டு பேருமே ரிலீஃப் ஆட்கள் என்பதைக் கவனிங்க. கான்ஸ்டான்ட்டி அதிர்ஷ்டக்காரர் என்று சொன்னவங்க இப்ப கொஞ்சம் யோசிக்க வேண்டி வந்தது.

1954-ல் 12 வெற்றி, 4 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.10. அந்த வருஷம் ஜயன்ட்ஸ் வேர்ல்டு சீரிஸில் கிளீவ்லாந்தை நாலுக்கு நாலு தோற்கடித்தது. மூன்றாவது ஆட்டத்தைக் கடைசியில் வந்து முடித்துக்கொடுத்தது நம்ம ஆள்தான்.

இவ்வளவு நல்ல பிட்சரை எந்த அணியாவது விடுமா? விட்டது. 1957-ல் ஜயன்ட்ஸ் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தது. அந்த சீசன் முடியுமுன்னேயே அவர்கள் வேண்டாம் என்றார்கள், கிளீவ்லாந்து எடுத்தது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் கிளீவ்லாந்தும் கைகழுவி, பால்டிமோர் எடுத்தது. பதினெட்டு மாசத்தில் நாலு சட்டை!

ஏன்? இங்கேதான் கேட்சர் வருகிறார், நம்ம விக்கெட் கீப்பர். எங்கே போகும் என்று பேட்ஸ்மேனுக்குத் தெரியாத பந்து கேட்சருக்கு மட்டும் தெரியுமா என்ன? 1954 செப்டம்பரில் ஜயன்ட்ஸ் கேட்சர் ரே காட் ஒரே இன்னிங்ஸில் நாலு பந்தைக் கோட்டை விட்டார். போட்டவர் ஹாய்ட். விரலில் அடி, மணிக்கட்டில் அடி, தொண்டையில் அடி. கேட்சர்களுக்கு இவர் பேரைக் கேட்டாலே காய்ச்சல். அதைவிடப் பெரிய பிரச்சினை, அணிக்கு நஷ்டம். கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, எதிரணி ஆள் மூன்றாவது பேஸில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்க. கேட்சர் விட்டால் அவன் நடந்தே வந்து சமன் செய்துவிடுவான்.

ஈ.ஆர்.ஏ.வில் ஒரு சூட்சுமம் இருக்கு என்று சொன்னேன் இல்லையா, அது இதுதான். பிடிக்க வேண்டிய பந்தைக் கேட்சர் விட்டால் அதற்கு 'பாஸ்டு பால்' என்று பேர். அது கேட்சர் கணக்கு. அதனால் வரும் ரன் பிட்சர் தலையில் ஏறாது. கிரிக்கெட்டில் 'பை' ரன் பவுலர் கணக்கில் சேராதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆக, ஹாய்ட்டின் அபாரமான ஈ.ஆர்.ஏ.வில் ஒரு பங்கு செலவு வேறு யாருடைய பேரிலோ எழுதப்பட்டது. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது நியாயமில்லை என்பது என் கட்சி. அதே சமயம் இந்தப் பக்கமும் பார்க்கணும். அந்த விட்ட பந்துகளையெல்லாம் கணக்கில் சேர்த்தாலும் எதிரணி அடித்தது ரொம்பக் கம்மி. மேனேஜர்களுக்கு மறந்து போகாதது கேட்சர் கோட்டை விட்ட அந்த ஒரு காட்சிதான். அடிக்க முடியாமல் திரும்பிப் போன நூறு பேட்ஸ்மேன்கள் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

பால்டிமோர் மேனேஜர் பால் ரிச்சர்ட்ஸ் வேறு மாதிரி ஆள். அவரே பழைய கேட்சர். "இவரைத் தூக்கிப் போட்டது தப்பு, ஆரம்பத்திலிருந்தே போட விடு" என்று முடிவு செய்தார். 1958 செப்டம்பர் 20, பால்டிமோரில் தூறல் விழுந்துகொண்டிருந்த நாள். எதிரே நியூயார்க் யாங்கீஸ், அந்த வருஷச் சாம்பியன். அவர்கள் பக்கம் பந்து போட்டவர் டான் லார்சன், 1956 வேர்ல்டு சீரிஸில் ஒரு ஆளைக்கூட பேஸுக்கு விடாமல் முழு ஆட்டத்தையும் முடித்த அதே லார்சன். அவருக்கு எதிராக, ஒரு மாசம் முன்னால் வேண்டாம் என்று தள்ளிவிடப்பட்ட 36 வயசு நக்கிள் பால்காரர். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தபோது யாங்கீஸுக்கு ஒரு ஹிட்கூட இல்லை. அமெரிக்காவில் இதற்கு 'நோ ஹிட்டர்' என்று பேர், பிட்சரின் வாழ்நாள் சாதனை. பால்டிமோர் 1 - யாங்கீஸ் 0. அந்த ஒரே ரன் ஏழாவது இன்னிங்ஸில் வந்த ஹோம் ரன். அடித்தவர் கஸ் ட்ரையாண்டோஸ், அன்றைக்கு முழுக்க அந்தப் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்த கேட்சர்! சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

அதுக்கப்புறம் யாங்கீஸை ஹிட்டே இல்லாமல் அடக்க இன்னொரு அணிக்கு 2003 வரை ஆனது. அதுவும் ஹூஸ்டன் அணி ஆறு பிட்சர்களை மாற்றி மாற்றிப் போட்டு. ஆறு பேர் செய்ததை ஒரே ஆளாகச் செய்தவர், ரிலீஃப் பிட்சர் என்று முத்திரை குத்தப்பட்டவர்.

அடுத்த வருஷம், 1959, பெரும்பாலும் ஆட்டம் ஆரம்பிக்கிறவராகவே ஆடினார். 226 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 2.19, அமெரிக்கன் லீக் பட்டம். ஆக, இரண்டு லீகிலும் ஈ.ஆர்.ஏ. பட்டம், ஒன்று ரிலீஃபில், ஒன்று பெரும்பாலும் ஸ்டார்ட்டராக. சந்தோஷப்படுகிற நேரத்தில் மறுபக்கம்: அந்த வருஷம் பால்டிமோர் கேட்சர்கள் விட்ட பந்துகள் 49. பாவம் ட்ரையாண்டோஸ், அதில் பாதிக்கு மேல் அவர் கணக்கு.

ரிச்சர்ட்ஸ் யோசித்தார். ஆளை மாற்ற வேண்டாம், கையுறையை மாற்றுவோம். 1960-ல் சாதாரண கேட்சர் கையுறையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக ஒன்றைச் செய்ய வைத்தார். சுற்றளவு 45 அங்குலம்! மாட்டிக்கொண்டு நின்றால் முறத்தைக் கையில் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். மே 27 அன்று யாங்கீஸுக்கு எதிராக கிளின்ட் கோர்ட்னி அதை மாட்டிக்கொண்டு பிடித்தார், ஒரு பந்தும் தப்பவில்லை, பால்டிமோர் ஜெயித்தது. முறத்தில் ஒரே கஷ்டம், பிடித்த பந்தை அதற்குள்ளிருந்து தேடி எடுப்பதுதான் :) சில வருஷம் கழித்து, கேட்சர் கையுறைச் சுற்றளவு 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே போட்டார்கள். ஒரு ஆட்டக்காரரால் விதிப் புத்தகத்தில் ஒரு வரி கூடியது.

1963-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ். வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்த இடத்தில்தான் நான் திரும்பத் திரும்ப எண்களைச் சரிபார்த்தேன். 1964-லிருந்து 1968 வரை அவருடைய ஈ.ஆர்.ஏ.: 1.99, 1.81, 1.66, 1.31, 1.73. ஐந்து வருஷம் வரிசையாக இரண்டுக்குக் கீழே. வயசு 42-லிருந்து 46 வரை! அந்த 1.31 வந்தது 45-வது பிறந்தநாள் வந்த வருஷம். அப்போது பிட்சர்களுக்குச் சாதகமான காலம்தான், எல்லாருக்கும் எண்கள் இறங்கியிருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் கூட ஆடிய பசங்கள் அவர் மகன் வயசு. ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. மற்றவர்கள் முழு பலத்தில் வீசித் தோளையும் முழங்கையையும் கிழித்துக்கொண்டார்கள், இவர் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயசில் எது குறை என்று நினைத்தாரோ அதுதான் கையைக் காப்பாற்றிக் கொடுத்தது.

கேட்சர் கணக்கு இங்கேயும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1965-ல் ஒயிட் சாக்ஸ் கேட்சர் ஜே.சி. மார்ட்டின் 33 பந்து விட்டார். அந்த அணியில் எடி ஃபிஷர் என்று இன்னொரு நக்கிள் பால்காரரும் இருந்தார், கேட்சர் எங்கே போய் அழுவது?

1967-ல் அங்கே வில்பர் வுட் என்று ஒரு இளைஞர் வந்தார், வேகம் போதாமல் தடுமாறிக்கொண்டிருந்தவர். நக்கிள் பாலும் நடுநடுவே போடுவார். ஹாய்ட் சொன்ன யோசனை: அரைகுறையாகப் போடாதே, போட்டால் அதை மட்டுமே போடு. கேட்டார். 1971-லிருந்து 1974 வரை நாலு வருஷமும் இருபதோ அதற்கு மேலோ ஜெயித்தார் வுட், 1972-ல் மட்டும் 376 இன்னிங்ஸ். செய்தித்தாள் படத்தில் கற்றவர் இன்னொருத்தருக்கு நேரில் சொல்லிக்கொடுத்தார்.

1968-ல் சை யங்கின் 906 ஆட்டங்கள் என்ற பழைய சாதனையைத் தாண்டினார். 1969-ல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ், அங்கிருந்து செப்டம்பரில் அட்லான்டா. அட்லான்டா பிரிவில் முதலிடம் பிடிக்க உதவினார். ஆனால் ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் பிளே ஆஃபில் ஆட அனுமதி இல்லை, வேடிக்கை பார்த்தார். 1970 மே 10 அன்று ஆயிரமாவது ஆட்டம். ஆயிரம் ஆட்டத்தில் பந்து போட்ட முதல் பிட்சர். நாற்பத்தேழு வயசில் அந்த வருஷம் ஆல் ஸ்டார் அணியிலும் இடம்.

கடைசி அணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். 1972 ஜூலை 21-ல் விடுவித்தார்கள். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் பாக்கி. ஐம்பது வயசு என்பது அப்போது நிறைய பேருக்குத் தெரியாது, புத்தகத்தில் நாற்பத்தொன்பதுதானே. மொத்தம் 1,070 ஆட்டம், 143 வெற்றி, அதில் 124 ரிலீஃபில் வந்தவை, ஈ.ஆர்.ஏ. 2.52.

சரி, இப்படிப்பட்டவரை ஹால் ஆஃப் ஃபேமில் உடனே சேர்த்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீங்க? அதுதான் இல்லை. பத்திரிகையாளர்கள் ஓட்டு, நாலில் மூன்று பங்கு வேண்டும். ரிலீஃப் பிட்சரை எந்த அளவுகோலில் அளப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஸ்டார்ட்டருக்கு 300 வெற்றி என்று ஒரு கோடு இருந்தது. ரிலீஃப் ஆளுக்கு? ஜெயிக்கிற ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால் 'சேவ்' என்று கணக்கெழுதும் யோசனையை சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன் கொண்டுவந்தது 1960-ல். அது அதிகாரப்பூர்வமானது 1969-ல். அதற்குள் ஹாய்ட் தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டார். பழைய ஆட்டங்களைத் தோண்டி எடுத்துப் பிற்பாடுதான் 228 சேவ் என்று கணக்குப் போட்டார்கள். வேலையைச் செய்து முடித்த பிறகு அந்த வேலைக்குப் பேர் வைத்த கதை. ஒவ்வொரு வருஷமும் ஓட்டில் தோற்றார். 1984-ல் 13 ஓட்டில் போச்சு. எட்டாவது முயற்சியில் 1985-ல் உள்ளே போனார், முதல் ரிலீஃப் பிட்சராக. அடுத்தவர் ராலி ஃபிங்கர்ஸ் வர இன்னும் ஏழு வருஷம் ஆச்சு.

ஆட்ட எண்ணிக்கைச் சாதனையை 1998-ல் டென்னிஸ் எக்கர்ஸ்லி தாண்டினார், அவரை ஜெஸ்ஸி ஒரோஸ்கோ தாண்டி 1,252-க்குப் போனார். ஆனால் இவங்க எல்லாம் பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸ் போட்டுவிட்டுப் போகிற காலத்து ஆட்கள். ஹாய்ட் வந்தால் ரெண்டு மூணு இன்னிங்ஸ் சர்வ சாதாரணம். ஹாய்ட் 2002 ஆகஸ்ட் 23-ல் ஃபுளோரிடாவில் 80 வயசில் காலமானார். 2012-ல் ஆர்.ஏ. டிக்கி நக்கிள் பாலை வைத்து சை யங் விருது வாங்கியதைப் பார்க்க அவர் இல்லை.

அட, முக்கியமான ஒண்ணைச் சொல்ல மறந்துட்டேனே. 1952 ஏப்ரல் 23, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ், எதிரணி பாஸ்டன். மேஜர் லீகில் ஹாய்ட் மட்டை பிடித்த முதல் தடவை. அடித்தார் பாருங்க, ஹோம் ரன்! அதே நாளில் முதல் வெற்றியும். அதுக்கப்புறம் 21 சீசன் ஆடினார். மொத்தம் 432 தடவை மட்டையோடு நின்றிருக்கிறார். இன்னொரு ஹோம் ரன் வரவே இல்லை.